நெல் எத்தனை, கடலை எத்தனை?

கேள்வி: திண்டிவனம் பக்கம் 6 ஏக்கர், கிணற்றுப் பாசனம். போன நவரையில் (டிசம்பர்-ஜனவரியில் தொடங்கும் பட்டம்) 2 ஏக்கர் நெல்லும் 4 ஏக்கர் நிலக்கடலையும் போட்டேன். கடலை காய் பிடிக்கிற நேரத்தில் தண்ணீர் பற்றவில்லை. மோட்டார் ஒரு நாளைக்கு 6 மணி நேரம்தான் ஓடும், அதற்குமேல் கிணறு வற்றிவிடும். 200 லிட்டர் டிரம் அரை நிமிடத்தில் நிறைகிறது. மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், அதனால் 1 ஏக்கராவது நெல் போட்டே ஆக வேண்டும். இந்த முறை எப்படிப் பிரிப்பது?

பதில்: டிரம் கணக்கு கொடுத்தீர்களே, பாதி வேலை முடிந்தது. அரை நிமிடத்துக்கு 200 லிட்டர் என்றால் மணிக்கு 24,000. தினம் 6 மணி நேரம், 100 நாளுக்கு 144 லட்சம் லிட்டர். நெல்லுக்கு மொத்தம் சுமார் 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும், அதாவது ஏக்கருக்கு 48 லட்சம் லிட்டர். கடலைக்கு 500 மி.மீ., ஏக்கருக்கு 20 லட்சம். நவரையில் மழையை நம்ப முடியாது, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

நெல் ஏக்கரை 'நெ', கடலை ஏக்கரை 'க' என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நிலம்: நெ + க ≤ 6
தண்ணீர்: 48நெ + 20க ≤ 144; நாலால் வகுத்தால் 12நெ + 5க ≤ 36
வைக்கோல்: நெ ≥ 1

பிள்ளைகளின் கிராஃப் தாள் ஒன்றை வாங்கி, 1 செ.மீ.க்கு 1 ஏக்கர் என்று படுக்கையில் நெல்லையும் நிமிர்வில் கடலையையும் குறியுங்கள். நிலக்கோடு (6,0), (0,6) புள்ளிகளைச் சேர்க்கும். தண்ணீர்க்கோடு (3,0), (0,7.2) வழியாகப் போகும். வைக்கோல் கோடு, நெல் 1 ஏக்கர் என்ற இடத்தில் நேராக மேலே போகும். சரியாக எல்லையிலேயே நிற்கலாம் என்பதால் விட்டுவிட்டு வரையாமல் முழுக்கோடாகப் போடுங்கள். எந்தப் பக்கம் நிழலிடுவது? (0,0)-ஐப் போட்டுப் பாருங்கள். 0 ≤ 36 சரிதானே, அப்போது தண்ணீர்க்கோட்டுக்கு (0,0) இருக்கும் பக்கம். நிலக்கோட்டுக்கும் அப்படியே. வைக்கோல் கோட்டில் 0 ≥ 1 பொய், ஆகவே அங்கே வலப்பக்கம்.

மூன்று நிழலும் சேரும் இடம் ஒரு முக்கோணம்: (1,0), (3,0), (1,4.8). நிலக்கோடு இதைத் தொடவே இல்லை, கவனித்தீர்களா? உங்களைக் கட்டிப்போட்டது நிலம் அல்ல, கிணறு. போன முறை போட்ட (2,4) நிலக்கோட்டின் மேலேயே இருக்கிறது, ஆனால் தண்ணீர்க்கோட்டுக்கு வெளியே: 24 + 20 = 44. 36-ஐ விட எட்டு அலகு கடன் (ஓர் அலகு 4 லட்சம் லிட்டர்). அதைக் கடலை கட்டிவிட்டுப் போயிருக்கிறது.

லாபம் மூலைகளில்தான் உச்சம் தொடும். ஏக்கருக்கு நெல்லில் கிடைக்கும் லாபம் கடலையைப் போல 2.4 மடங்குக்கு மேல் போனால்தான் (3,0) ஜெயிக்கும். இல்லையென்றால் 1 ஏக்கர் நெல், 4 ஏக்கர் 80 சென்ட் கடலை, 20 சென்ட் சும்மா கிடக்கட்டும்.

அப்புறம், நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது வயலைக் கொஞ்சம் காயவிட்டு மறுபடி பாய்ச்சி, தண்ணீர் கட்டிப் பாருங்கள். அதில் கால்வாசி மிச்சமானால் 9நெ + 5க ≤ 36 ஆகிவிடும், கோடு வெளியே நகரும். அப்போது 1 ஏக்கர் நெல், 5 ஏக்கர் கடலைக்கு 34 போதும். அந்த 20 சென்ட்டையும் தரிசு விட வேண்டியதில்லை.