காமாலை மருந்து கொடுத்தும் எஸ்ஜிபிடி குறையவில்லையா?

கேள்வி: கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். என் மகனுக்கு ஐந்து வயது. நடக்கத் தொடங்கியதே தாமதம். அடிக்கடி விழுகிறான், படியேறச் சிரமப்படுகிறான். காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தபோது எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் 300-ஐத் தாண்டியிருந்தன. மாதக்கணக்கில் காமாலை மருந்து கொடுக்கிறோம், குறையவில்லை. இங்குள்ள மணலின் கதிர்வீச்சுதான் காரணம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: இந்த வாரமே, தசையிலிருந்து கசியும் நொதியை அளக்கும் சிபிகே என்ற ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள். எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற நொதிகள் கல்லீரலில் மட்டுமல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை சிதைந்தாலும் ரத்தத்தில் கூடும். கல்லீரலின் நிலையைக் காட்டும் பிலிருபினும் ஜிஜிடியும் சரியாக இருந்தால் கல்லீரலை விட்டுவிட்டுத் தசையைத்தான் பார்க்க வேண்டும். சிபிகே சாதாரணமாக 200-ஐ ஒட்டி இருக்கும். ஆண் குழந்தைகளின் தசையைப் படிப்படியாகச் சிதைக்கும் டூஷேன் தசைச்சிதைவு என்ற மரபணு நோயில் பெரும்பாலும் 10,000-ஐயும் தாண்டும்.

வீட்டிலேயே ஒன்றைக் கவனியுங்கள். பையனைத் தரையில் உட்காரவைத்து எழச் சொல்லுங்கள். குப்புறத் திரும்பி, இடுப்பைத் தூக்கி, முழங்காலிலும் தொடையிலும் கையை ஊன்றி ஊன்றி எழுகிறானா? கெண்டைக்கால் வயதுக்கு மீறிப் பருத்திருக்கிறதா? ‘கால் நல்லா திடமா இருக்கு’ என்று வீட்டில் சந்தோஷப்படும் இடமே சில நேரம் நோயின் அடையாளமாகிவிடுகிறது. அவன் எழுவதைக் கைபேசியில் படம்பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நிமிடம் விளக்குவதைவிட அது உதவும்.

மணல் விஷயம். மணலில் உள்ள மோனசைட் என்ற தாதுவில் கதிர்வீசும் தோரியம் இருப்பதால் உங்கள் கடற்கரையில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதல் என்பது உண்மை. ஆனால் டூஷேன் உலகமெங்கும் ஏறக்குறைய 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. இதே போன்ற மணல் உள்ள கொல்லம் கடற்கரையில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தபோதும் பிறவிக் குறைபாடுகள் கூடியதாகத் தெரியவில்லை. சொந்தத்தில் கல்யாணம் செய்ததும் இதற்குக் காரணமல்ல. கோளாறு எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில். ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தைக்கு அது புதிதாகவே ஏற்படுகிறது. மற்றவர்களுக்குத் தாய் வழியாக வருகிறது. அது தாயின் குற்றமாகிவிடாது. யாராவது அப்படிப் பேசினால் தயவுசெய்து காதில் வாங்காதீர்கள்.

சிபிகே மிக அதிகமாக இருந்தால் அடுத்தது மரபணுப் பரிசோதனை. முதலில், மரபணுவில் பெரிய பகுதி விடுபட்டோ இரட்டித்தோ இருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏ செய்வார்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயில்லை என்று திரும்பிவிடாதீர்கள். நுண்ணிய மாற்றங்கள் அதில் சிக்காது, மரபணுவை முழுதாக வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். கோளாறு உறுதியானால் தாயான உங்களுக்கும் பரிசோதனை தேவை. நீங்கள் அதைச் சுமப்பவராக இருந்தால் அடுத்துப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும் 50 சதவீத வாய்ப்பு உண்டு. உங்கள் சகோதரிகளும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் தொடங்குங்கள். அரிய நோய்களுக்கான மத்திய அரசின் சிறப்பு மையம் திருவனந்தபுரம் எஸ்ஏடி மருத்துவமனையில் இருக்கிறது. உங்களுக்குச் சென்னையைவிட அதுவே பக்கம்.

முழுக் குணம் இன்னும் இல்லை. ஆனால் சரியான நேரத்தில் தொடங்கும் ஸ்டீராய்டும் பிசியோதெரபியும் பையன் நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன. இதயத்துக்கு ஆண்டுதோறும் எக்கோ அவசியம். நோய் உறுதியாவதற்குள் ஏதாவது அறுவை சிகிச்சைக்கு மயக்கமருந்து கொடுக்க நேர்ந்தால், தசைநோய் சந்தேகம் இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சக்சினைல்கோலின் என்ற மருந்து இந்தக் குழந்தைகளின் உயிருக்கே ஆபத்தாகலாம்.