ஏஜென்ட், பி.ஓ.எஸ்.பி., வங்கி வேலை: எந்தத் தேர்வை எழுதுவது?

கேள்வி: எனக்கு வயது 34. பிளஸ் டூ முடித்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் சின்ன ஊர். வீட்டுக்காரர் டூ வீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். எல்ஐசி டெவலப்மென்ட் ஆபீசர் ஒருவர், "ஐசி-38 எழுதுங்கள், பீமா சகியில் சேர்த்துவிடுகிறேன்" என்கிறார். ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் கடை போட்டிருப்பவரோ, "அதெல்லாம் எதற்கு, பி.ஓ.எஸ்.பி. போதும், மொபைலிலேயே முடிந்துவிடும்" என்கிறார். வங்கி ஒன்றிலும் இன்சூரன்ஸ் விற்க ஆள் எடுக்கிறார்களாம். இதில் எந்த லைசென்ஸ் பெரியது? எதை எழுதினால் எல்லாக் கம்பெனி பாலிசியும் விற்கலாம்?

பதில்: முதலில் அந்த 'லைசென்ஸ்' என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம். ஆனால் 2015-ல் காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, தனிநபர் ஏஜென்டுக்குக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ லைசென்ஸ் கொடுப்பதில்லை. நீங்கள் தேர்வில் தேறியதும் கம்பெனியே உங்களை நியமித்துக் கடிதமும் ஏஜென்சி கோட் எண்ணும் தருகிறது. அதனால் எது பெரிது என்று பார்ப்பதைவிட, யாருடைய ஆளாக இருக்கப்போகிறோம் என்று பார்ப்பதே முக்கியம். நீங்கள் கேட்ட மூன்றும் அங்கேதான் பிரிகின்றன.

டெவலப்மென்ட் ஆபீசர் சொல்வது தனிநபர் ஏஜென்ட் வழி; ஐசி-38 என்பது அதற்கான தேர்வு. இதில் ஆயுள் காப்பீட்டில் ஒரே ஒரு கம்பெனிக்குத்தான் வேலை செய்யலாம். பொதுக் காப்பீட்டில் ஒன்று, தனி மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் ஒன்று என்று சேர்த்துக்கொள்ள வழி உண்டு; அதற்குக் கம்போசிட் ஏஜென்ட் என்று பெயர். ஒரே பிரிவில் இரண்டு கம்பெனி கூடாது. பான் எண்ணை வைத்துச் சரிபார்ப்பதால் மறைக்கவும் முடியாது.

தேர்வு அப்படியொன்றும் மலை இல்லை. ஒரு பிரிவுக்கு 50 கேள்விகள், ஒரு மணி நேரம், தேர்ச்சிக்கு 35 சதவீதம். தப்பான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். அதனால் எந்தக் கேள்வியையும் விடாமல் ஏதாவது ஒரு விடையைத் தட்டிவிட்டு வாருங்கள். தமிழிலும் எழுதலாம். ஆனால் தமிழ்ப் பாடநூலின் மொழிபெயர்ப்புச் சொற்கள் பல இடங்களில் கடமுடா என்று இருக்கும். 'இன்டெம்னிட்டி', 'சப்ரோகேஷன்', 'இன்சூரபிள் இன்ட்ரஸ்ட்' போன்ற நாலைந்து சொற்களை ஆங்கில உச்சரிப்போடு பழகிக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் 4 லட்ச ரூபாய்ச் சரக்கு எரிந்தது, பாலிசி 6 லட்சத்துக்கு இருக்கிறது. கிடைப்பது 4 லட்சத்துக்கு மேல் போகாது, அதுதான் இன்டெம்னிட்டி. மனித உயிருக்கு அப்படி விலை போட முடியாது என்பதால் ஆயுள் காப்பீட்டுக்கு இந்த விதி பொருந்தாது. இப்படிப் படித்தால் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள். பழைய புத்தகத்தை இரவல் வாங்கிப் படிக்க வேண்டாம். பாலிசி பிடிக்கவில்லையென்றால் திருப்பிக் கொடுப்பதற்கான 'ஃப்ரீ லுக்' காலம் 2024-ல் 15 நாளிலிருந்து 30 நாளாக மாறியது. பழைய புத்தகத்தில் 15 என்றே இருக்கும்.

தேர்வில் தேறிய சான்றிதழை வைத்து முதல் நியமனம் வாங்க 12 மாதம்தான் கெடு. 'பாஸ் பண்ணி வைத்துக்கொள்வோம், குழந்தை பள்ளிக்குப் போன பிறகு பார்ப்போம்' என்று கிடப்பில் போட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான்.

பி.ஓ.எஸ்.பி. என்றால் பாயின்ட் ஆஃப் சேல்ஸ் பர்சன். பத்தாம் வகுப்புப் போதும். 15 மணி நேரப் பயிற்சி, அதன் முடிவில் உங்களைச் சேர்க்கும் நிறுவனமே நடத்தும் தேர்வு. ஆர்டிஓ ஆபீஸ் பக்கத்துக் கடைக்காரர் சொன்னபடி மொபைலிலேயே முடிந்துவிடும் என்பது பெரும்பாலும் உண்மைதான். விற்கக்கூடியவை எளிய பாலிசிகள் மட்டுமே: வண்டி இன்சூரன்ஸ், தனிநபர் விபத்து, பயணம், வீடு, மருத்துவப் பரிசோதனை கேட்காத சில ஆயுள் திட்டங்கள் மாதிரி. ஆனால் ஒரு வசதி இருக்கிறது. நேரடியாக ஒரு காப்பீட்டுக் கம்பெனியின் கீழ் சேர்ந்தால் அந்தக் கம்பெனி பாலிசி மட்டும்தான். ஒரு புரோக்கர் நிறுவனத்தின் கீழ் சேர்ந்தால் அந்த புரோக்கர் தொடர்பு வைத்திருக்கும் கம்பெனிகள் எல்லாவற்றின் விலையையும் ஒரே திரையில் காட்டி விற்கலாம். பத்து வருஷப் பழைய ஸ்பிளெண்டரைக் கொண்டுவருபவருக்கு இது பெரிய விஷயம். சேர்வதற்கு யாராவது ஆயிரம், இரண்டாயிரம் 'ரிஜிஸ்ட்ரேஷன்' என்று கேட்டால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வங்கியில் கேட்பது 'ஸ்பெசிஃபைட் பர்சன்' வேலை. வங்கிதான் கார்ப்பரேட் ஏஜென்ட், நீங்கள் அதன் ஆள். பிளஸ் டூ தேர்ச்சி, 50 மணி நேரப் பயிற்சி, பிறகு தேர்வு. சம்பளம் வரும், மாத டார்கெட்டும் வரும். வாடிக்கையாளர் வங்கியின் வாடிக்கையாளர்; வேலையை விட்டால் நீங்கள் சேர்த்த பாலிசிகளின் ரெனியூவலும் வங்கியிடமே தங்கிவிடும். நிரந்தர வருமானம் உடனே தேவையென்றால் தவிர, உங்களுக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

'எல்லாக் கம்பெனியும்' என்று கேட்டீர்களே, அது புரோக்கர் வேலை. நேரடிக் காப்பீட்டு புரோக்கர் நிறுவனத்துக்குக் குறைந்தபட்ச மூலதனம் 75 லட்சம். தேர்வு நடத்துவது புனேயில் உள்ள நேஷனல் இன்சூரன்ஸ் அகாடமி. நமக்கு இப்போது அந்தப் பேச்சு வேண்டாம்.

சரி, பீமா சகி. எல்ஐசி 2024 டிசம்பரில் தொடங்கிய, பெண்களுக்கான திட்டம். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, வயது 18 முதல் 70 வரை. முதல் ஆண்டு மாதம் 7,000, இரண்டாம் ஆண்டு 6,000, மூன்றாம் ஆண்டு 5,000 ரூபாய் உதவித்தொகை. இது கமிஷனோடு கூடுதலாக வருவது. ஆனால் இதைச் சம்பளம் என்று நினைத்துவிடக் கூடாது. ஆண்டுக்கு 24 பாலிசியாவது பிடிக்க வேண்டும், பிடித்தவை அடுத்த ஆண்டும் பெரும்பாலும் உயிரோடு இருக்க வேண்டும். ஏற்கெனவே எல்ஐசி ஏஜென்டாகவோ ஊழியராகவோ உங்கள் பெற்றோர், கணவர், உடன்பிறந்தவர் யாராவது இருந்தால் சேர முடியாது. ஆபீசர் இதைக் கேட்டாரா?

உங்கள் கையில் இருக்கும் சரக்கு கணவரின் கடை. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் சட்டப்படி கட்டாயம் என்பதால் வண்டிக்காரர் வருஷா வருஷம் தானாகவே வருவார். அதே ஆள் ஆயுள் பாலிசி எடுக்க நீங்கள் பத்து நடை நடக்க வேண்டும். அதனால் எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு மாதம் கடையில் ஒரு நோட்டு வையுங்கள். சர்வீசுக்கு வரும் ஒவ்வொரு வண்டிக்கும் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது என்று கேட்டு எழுதுங்கள். இன்னொரு பக்கத்தில், உங்களை நம்பி ஆயுள் பாலிசி எடுக்கக்கூடிய குடும்பங்களின் பெயரை எழுதுங்கள். சொந்தக்காரர்களை அதில் சேர்க்காதீர்கள், அவர்கள் முதல் வருஷத்தோடு சரி.

இரண்டாவது பக்கத்தில் 24 பெயர் தேறினால் ஐசி-38-ஐக் கம்போசிட்டாகவே எழுதுங்கள். ஆயுளுக்கு எல்ஐசி, வண்டிக்கு ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி. தேறாவிட்டால் புரோக்கர் வழியாகப் பி.ஓ.எஸ்.பி. ஆகுங்கள். பின்னால் மனம் மாறினால் அங்கிருந்து முறையாக விலகிவிட்டு ஏஜென்சிக்கு வரலாம். ஏஜென்சியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாறுவதானால் பழைய கம்பெனியிடம் விலகல் சான்றிதழ் வாங்க வேண்டும், நடுவில் காத்திருப்பும் உண்டு. முதல் கம்பெனியை நிதானமாகத் தேர்ந்தெடுங்கள்.

அப்புறம், எந்த வழியில் போனாலும் "முதல் பிரீமியத்தில் பாதியை நானே போட்டுவிடுகிறேன்" என்று யாரிடமும் சொல்லாதீர்கள். பழைய ஏஜென்ட்கள் பலர் இதைத் தொழில் ரகசியம் போலக் கற்றுக்கொடுப்பார்கள். காப்பீட்டுச் சட்டம் 41-வது பிரிவில் அது குற்றம், அபராதம் 10 லட்சம் வரை. ஐசி-38-ல் அடிக்கடி வரும் கேள்வியும் அதுதான்.