சீலா, எஸ்.ஏ.எஸ்ஸா? சிறப்புப் படைப் பயிற்சி பற்றி நீங்கள் கேட்டவை

காலாட்படையில் உடற்பயிற்சி ஆசிரியராகப் பல வருடம் இருந்தேன். சிறப்புப் படைத் தேர்வுக்குப் போகும் பையன்களைத் தயார் செய்து அனுப்புவது என் வேலையில் ஒரு பகுதி. நான் அந்தப் படைகளில் இருந்தவன் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், ஒரே வரியில் சொல்லுங்க. அமெரிக்க நேவி சீல் பயிற்சி கஷ்டமா, பிரிட்டிஷ் எஸ்.ஏ.எஸ். கஷ்டமா?

பதில்: ஒரு வரியில் அடங்காது தம்பி. சீல் அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படை, எஸ்.ஏ.எஸ். பிரிட்டிஷ் தரைப்படையின் சிறப்புப் படை. இரண்டும் ஆளை உடைக்கும் வழியே வேறு. சீல் அடிப்படைப் பயிற்சி கலிஃபோர்னியாவில் கொரனாடோ கடற்கரையில் 24 வாரம் நடக்கிறது. அங்கே எல்லாமே கூட்டமாகத்தான். ஆறேழு பேர் சேர்ந்து ஒரு ரப்பர் படகைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும், பெரிய மரக்கட்டையைத் தோளில் தூக்க வேண்டும், கைகோத்துக்கொண்டு குளிர்ந்த அலையில் படுத்துக் கிடக்க வேண்டும். பயிற்றுநர்களின் சத்தம் ஓயாது. ஒருவன் தோளைத் தாழ்த்தினால் அவன் பாரம் பக்கத்தில் இருப்பவன்மேல் இறங்கும். அந்த வெட்கமும் பயிற்சியோடு சேர்ந்ததுதான்.

எஸ்.ஏ.எஸ். தேர்வு வேல்ஸில் பிரெக்கன் பீக்கன்ஸ் மலைகளில் நடக்கிறது. அங்கே யாரும் கத்துவதில்லை, தட்டிக்கொடுப்பதும் இல்லை. கையில் வரைபடம், திசைகாட்டி, முதுகில் சுமை. தனியாகப் போக வேண்டும். ஒரு செக்பாயின்ட்டை அடைந்தால் அடுத்தது எங்கே என்று சொல்வார்கள், அவ்வளவுதான். மலைப் பகுதியின் கடைசி நடை ஏறக்குறைய 64 கி.மீ., முதுகில் 25 கிலோ அளவுக்குச் சுமை, 20 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். அதைத் தாண்டினால் காடு. காட்டுக்கும் பிறகு, எதிரியிடம் பிடிபட்டால் விசாரணையைத் தாங்குவதற்கான பயிற்சி.

என் கணிப்பைக் கேட்டால், தனிமைதான் பெரிய எதிரி. பக்கத்தில் ஒருவன் நடுங்கிக்கொண்டே நின்றால் நாமும் நின்றுவிடுவோம். மூடுபனியில் நம் கால் சத்தம் மட்டும் கேட்கும்போது, ‘கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் யாருக்குத் தெரியப் போகிறது’ என்று மனசு பேச ஆரம்பிக்கும். அதற்குப் பதில் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை.

கேள்வி: சீல் பயிற்சியில் நூற்றுக்கு எழுபது, எண்பது பேர் வெளியேறுகிறார்களாமே. அப்படியானால் அதுதானே கடினம்?

பதில்: இந்தக் கணக்கை வைத்துத்தான் எல்லாரும் சண்டை போடுகிறார்கள். சல்லடையின் கண்ணை மட்டும் பார்த்தால் போதாது, அதில் கொட்டிய தானியம் என்ன என்றும் பார்க்க வேண்டும். சீல் பயிற்சிக்கு, அதற்கு முன் ராணுவத்தையே பார்க்காத ஓர் இளைஞன் அடிப்படைக் கடற்படைப் பயிற்சியை முடித்த கையோடு வந்துவிடலாம். நுழைவுத் தேர்வில் ஏறக்குறைய 457 மீட்டர் நீச்சலை பன்னிரண்டரை நிமிடத்திலும், 2.4 கி.மீ. ஓட்டத்தைப் பத்தரை நிமிடத்திலும் முடிப்பது குறைந்தபட்சத் தகுதியில் அடங்கும். எஸ்.ஏ.எஸ்ஸின் முழுநேரப் படைக்கு வருபவர் ஏற்கெனவே படையில் இருக்கும் சிப்பாய். சுமை தூக்கி நடந்து பழகியவர். ஆகவே இங்கே எழுபது பேர், அங்கே எண்பது பேர் என்று பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் அர்த்தமே இல்லை. காயம்பட்டு அடுத்த அணியோடு திரும்ப ஆரம்பிப்பவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்ற சிக்கல் வேறு.

கேள்வி: ‘ஹெல் வீக்’கில் உண்மையிலேயே தூங்கவே விடமாட்டார்களா அண்ணா?

பதில்: சீல் பயிற்சியின் மிகக் கடினமான வாரம் அது. ஞாயிறு மாலை தொடங்கி வெள்ளி வரை, ஐந்தரை நாள். மொத்தத் தூக்கம் சுமார் நான்கு மணி நேரம். ஆனால் சாப்பாடு வேளை தவறாமல் கிடைக்கும். அது இல்லாவிட்டால் அந்தக் குளிரில் உடம்பு சூட்டைத் தக்கவைக்கவே முடியாது.

விலக நினைப்பவர் பித்தளை மணியை மூன்று முறை அடித்து, தன் ஹெல்மெட்டை வரிசையில் வைத்துவிட்டுப் போகலாம். அந்த வாரத்தைக் கடந்தவர்கள் பலரும் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தண்ணீருக்குள் விறைத்துக் கிடக்கும்போது மணி அடிப்பவர்கள் குறைவு. கரைக்கு வந்து, சாப்பிட்டு, உடம்பில் கொஞ்சம் சூடு ஏறிய பிறகு, ‘திரும்பவும் அதற்குள் இறங்க வேண்டுமே’ என்ற நினைப்பு வருகிறதே, அப்போதுதான் கை மணிக்குப் போகிறது.

கேள்வி: டெல்டா ஃபோர்ஸ் தேர்வு எஸ்.ஏ.எஸ்ஸைப் பார்த்து எடுத்ததா?

பதில்: ஆமாம். டெல்டா அமெரிக்கத் தரைப்படையின் சிறப்புப் படை. 1977இல் அதைத் தொடங்கிய சார்லஸ் பெக்வித், 1960களின் தொடக்கத்தில் எஸ்.ஏ.எஸ்ஸோடு இருந்து பழகியவர். அதனால் அங்கேயும் மலை, சுமை, தனி நடைதான். கால அளவு எவ்வளவு என்று சொல்லமாட்டார்கள். முந்திப் போகிறோமா, பிந்திவிட்டோமா என்றே தெரியாமல் நடப்பது எனக்குத் தெரிந்த சித்திரவதைகளில் ஒன்று. இலக்கு தெரிந்தால் மனிதன் பலத்தைப் பங்குபோட்டுச் செலவழிப்பான். தெரியாதபோது என்ன செய்கிறான் என்பதைத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: இந்தியாவின் பாரா எஸ்.எஃப்., மார்கோஸ் இந்தப் பட்டியலில் எங்கே வரும்?

பதில்: பட்டியல் போட எனக்கு மனமில்லை. ஆனால் தரைப்படையின் சிறப்புப் படையான பாரா எஸ்.எஃப்.இல் ஒன்று கவனிக்கத்தக்கது. சில மாத சோதனைக் காலத்தை அந்தந்த பட்டாலியனே நடத்தும். நாளைக்கு உன்னை நம்பி உயிரை வைக்கப் போகிறவர்களே இன்று உன்னை எடைபோடுகிறார்கள். கடற்படையின் சிறப்புப் படையான மார்கோஸ் 1987இல் தொடங்கியது, கடற்படைக்காரர்களிலிருந்து எடுக்கப்படுவது. அதனால் தண்ணீரும் முக்குளிப்பும் அதன் முதுகெலும்பு.

கேள்வி: ரஷ்யாவில் அடிதடிதான் தேர்வாமே?

பதில்: அரக்குநிறத் தொப்பித் தேர்வைச் சொல்கிறீர்கள். 2016 வரை உள்துறைப் படைகளுடையது, இப்போது அவற்றின் இடத்தில் வந்த தேசியக் காவல் படையுடையது. சுமையோடு நீண்ட ஓட்டம், தடைகள், துப்பாக்கிச் சூடு எல்லாம் முடிந்து களைத்த பிறகுதான் சண்டை: 12 நிமிடம், எதிராளி மாறிக்கொண்டே இருப்பார். ஒரே நாளில் முடியும் சோதனை. வாரக்கணக்கில் நீளும் தேர்வோடு ஒப்பிடக்கூடாது.

கேள்வி: இதில் இறந்தவர்கள் உண்டா?

பதில்: உண்டு. 2013 ஜூலையில், கடும் வெயிலில், பிரெக்கன் பீக்கன்ஸில் நடந்த தேர்வு நடையில் மூன்று ரிசர்வ் (பகுதிநேர) வீரர்கள் இறந்தார்கள். அலட்சியமும் காரணம் என்று 2015இல் மரண விசாரணை முடிவு சொன்னது. 2022 பிப்ரவரியில் ஹெல் வீக்கை முடித்த, சீல் பயிற்சி பெற்றுவந்த ஒருவர் சில மணி நேரத்தில் நிமோனியாவால் இறந்தார். சுமையோடு நடக்கும்போது தசை உண்டாக்கும் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் உள்ளுறுப்புகள் வெந்துபோகும். ‘நிறுத்தாதே’ என்று சொல்லும் அதே வைராக்கியம்தான் உடம்பின் எச்சரிக்கையையும் அமுக்குகிறது. மருத்துவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்தும் ஏற்பாடு இல்லாத பயிற்சியைக் கடினமான பயிற்சி என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

கேள்வி: என் மகன் இதற்காக நீச்சல் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பழகுகிறான். விடலாமா?

பதில்: கூடவே கூடாது அம்மா. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். மூச்சு விடத் தோன்றுவது பிராணவாயு குறைவதால் அல்ல, கரியமிலவாயு சேர்வதால். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சிழுத்தால் கரியமிலவாயு வெளியேறிவிடும். திணறல் வராது, ஆனால் பிராணவாயு தீர்ந்துகொண்டே போகும். முன்னறிவிப்பே இல்லாமல் தண்ணீருக்கடியில் நினைவு தப்பும். சீல் பயிற்சியில் 50 மீட்டர் மூச்சடக்கி நீந்துவார்கள். மேலேயும் பக்கத்திலும் தூக்கிவிட ஆட்கள் நிற்பார்கள்.

கேள்வி: சுமை நடைக்கு எப்படித் தயாராவது அண்ணா?

பதில்: குறைந்த எடையில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்று. சுமையோடு ஓடாதே; கீழ்க்காலிலும் இடுப்பிலும் எலும்பு விரிசல் விடும். எல்லாவற்றையும்விட முக்கியம் பாதம்.

என்னிடம் இருந்த பையன்களில் நல்ல பலசாலி ஒருவன். ஒரு நடையின் பாதியில் குதிகாலைத் தரையில் ஊன்றாமல் வந்தான். உட்காரவைத்து பூட்ஸைக் கழற்றினேன். காலுறையில் ஒரு சின்ன மடிப்பு, விரல்நகம் அளவுகூட இல்லை. காலுறையை இழுத்தபோது குதிகால் தோலும் அதோடு வந்தது. ‘எப்போது தெரிந்தது?’ என்று கேட்டேன். முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்ததாம். நின்றால் பலவீனம் என்று நினைப்பார்களே என்று நிற்கவில்லை. அந்தக் கால் ஆற மூன்று வாரம் ஆனது.

அதனால் உரசல் தெரிந்த உடனே உட்கார். பூட்ஸைக் கழற்று, துடை, பிளாஸ்திரி ஒட்டு, உலர்ந்த காலுறை மாட்டு. இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.