ஜில்-130 மாடல்: பெயின்டுக்கு முன்னால் ஸ்கேலை எடுங்கள்

கேள்வி: ஜில்-130 லாரியின் 1:43 அளவு மாடல் கிட் வாங்கியிருக்கிறேன். 1970 வாக்கில் ஒரு சோவியத் கூட்டுப்பண்ணையில் ஓடிய வண்டியாகச் செய்ய ஆசை. ஆனால் இணையப் படங்களில் சிலது பச்சை, சிலது நீலம், முகப்பும் ஒரே மாதிரி இல்லை. எதை நம்புவது?

பெயின்டை அப்புறம் பார்க்கலாம், முதலில் முன்சக்கர மையத்திலிருந்து பின்சக்கர மையம் வரை அளந்து பாருங்கள். 8.8 செ.மீ. வந்தால் நிம்மதி, நிஜ வண்டியில் அது 3.8 மீட்டர், சாதாரண சரக்கு லாரி. 7.7 தான் வருகிறது என்றால் உங்களிடம் இருப்பது டிப்பருக்கும் டிரெய்லர் இழுப்பதற்கும் வந்த குட்டை சேஸி, அதாவது லாரியின் அடிச்சட்டம். 10.5 என்றால் நீள சேஸி. (அளக்காமல் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியை ஒட்டிவிட்டுப் பிளேடால் பெயர்த்த அனுபவம் எனக்கு உண்டு.)

பச்சைப் படங்களில் சக்கர அச்சுகளை எண்ணுங்கள். மூன்று இருந்தால் அது ராணுவத்துக்கான ஜில்-131, வேறு வண்டி. 130-இன் காலத்துக்கு முன்பு சோவியத்தில் லாரி என்றாலே ராணுவப் பச்சைதான், இதில்தான் சிவில் வண்டிகளுக்கு நீல கேபினும் வெள்ளை முகப்பும் அடையாளமாகின. ஆகவே பண்ணை வண்டிக்கு நீலமே அடியுங்கள்.

முகப்பு கிரில் மாறியது 1977-இல். உங்கள் கிட்டில் புது கிரில் வந்திருந்தால் அதை அறுத்துத் திருத்த உட்காராதீர்கள், வண்டியை 1980 என்று வைத்துக்கொள்வது எவ்வளவோ சுலபம். 1986-க்குப் பிறகு 431410 என்ற எண்ணைப் பார்த்தும் குழம்ப வேண்டாம், பெயர்தான் புதிது, வண்டி அதேதான்.

ஜில் என்றதும் நமக்குக் குளிர்ச்சிதான் ஞாபகம் வரும், ரஷ்ய மொழியில் அது மாஸ்கோவின் லிகச்சேவ் ஆலையின் பெயர்ச்சுருக்கம். பழைய ஜில்-164-க்குப் பதிலாக 1962-இல் இதை ஆரம்பித்து, 1964-இல் முழுவீச்சில் தயாரித்தார்கள். பவர் ஸ்டீயரிங், ஐந்து கியர், வளைந்த பெரிய முன்கண்ணாடி என்று டிரைவருக்குச் சொகுசான வண்டி. என்ஜின் 6 லிட்டர் வி-8, 150 குதிரைத்திறன், பெட்ரோல். அழுத்த விகிதம் (என்ஜினுக்குள் பெட்ரோல் கலவை எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) வெறும் 6.5 என்பதால் 76 ஆக்டேன் மட்டப் பெட்ரோலிலும் ஓடும், ஆனால் குடித்துத் தள்ளும். 170 லிட்டர் டேங்க் சும்மா வைக்கவில்லை! அப்படியும் 1994 வரை மாஸ்கோவில் 33 லட்சத்துக்கு மேல் செய்தார்கள், பிறகு யூரல் பகுதியின் நோவோஉரால்ஸ்கில் 2010 வரை இழுத்தார்கள்.

பெட்ரோல் என்று அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. மாடல் செய்பவர்கள் லாரி என்றாலே சைலன்ஸரைச் சுற்றிக் கரியை அப்பிவிடுகிறார்கள், அது டீசல் வண்டிக்குத்தான் பொருந்தும். இதற்குச் சேறும் தூசியும் போதும், தொட்டி மரப்பலகை என்பதால் மேல் விளிம்பில் மட்டும் நீலத்தைச் சுரண்டி மரநிறம் தெரிய விடுங்கள்.