பதில்: ராஜபாளையம் குட்டி கூப்பிட்டால் திரும்பவில்லை (தண்டையார்பேட்டை)

ரெண்டு மாச ராஜபாளையம் நாய்க்குட்டி, சுத்த வெள்ளை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, "அடம்" என்கிறார் விற்றவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அடமில்லை, செவிடாக இருக்கலாம். பன்றி வேட்டைக்குப் பேர்போன இனம்தான். ஆனால் வெள்ளைக்காகவும் ரோஸ் மூக்குக்காகவும் நெருங்கிய ரத்தத்திலேயே சேர்த்துச் சேர்த்து வந்த வினை இது. உள்காதில் நிறமி செல் (தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் செல்) இல்லாவிட்டால் பிறந்த சில வாரத்திலேயே கேட்கும் திறன் போய்விடும். மருந்து கிடையாது. நிறமுள்ள கன்னி, கோம்பை நாய் இனங்களில் இந்த வம்பு குறைவு.

காது கேட்கிறதா என்று பார்க்க, குட்டி தூங்கும்போது பின்னாலிருந்து, நாலடி தள்ளி சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். பக்கத்தில் கைதட்டினால் காற்று படும், தரையைத் தட்டினால் அதிர்வு தெரியும், ரெண்டும் ஏமாற்றும். சத்தம் வந்த திசை புரியாமல் தேடினால் ஒரு காது மட்டும் போயிருக்கலாம். வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, சீழ், அழுக்கு அடைப்பு இல்லையென உறுதி செய்யுங்கள்.

செவிடுதான் என்றால் கைச்சைகையில் பழக்குங்கள். கண்டெய்னர் லாரி ஓடும் ரோட்டில் சங்கிலியைக் கழற்றவே கூடாது. குட்டி எடுக்க இணை சேர்க்காதீர்கள்.