ஜெர்மனியில் தனியாகப் படிக்கும்போது அவசரம் வந்தால் யாரை அழைப்பது, என்னென்ன தயாராக வைத்திருப்பது?

அக்டோபரில் ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்கப் போகிறீர்கள், அங்கே தெரிந்தவர் யாருமில்லை, திடீரென்று உடம்புக்கு முடியாமல் போனாலோ பாஸ்போர்ட் தொலைந்தாலோ என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முன் பலரும் எத்தனை அட்டை மாத்திரை எடுத்துப் போகலாம் என்றே கவலைப்படுகிறார்கள். அங்கே போனபின் கைகொடுப்பது பெரும்பாலும் சில எண்களும் சில காகிதங்களும்தான். இரண்டையும் உடம்பு நன்றாக இருக்கும்போதே தயார் செய்துவிட வேண்டும்.

மூன்று எண்களை மனப்பாடம் செய்யுங்கள். உயிருக்கு ஆபத்து, தீ, விபத்து என்றால் 112. திருட்டு, அடிதடி, மிரட்டல் என்றால் 110, அது போலீஸ். மூன்றாவது 116117. நம் மாணவர்கள் பலர் கேள்விப்படாமலே படிப்பை முடித்துவிடுவது இந்த எண்ணைத்தான். கிளினிக்குகள் மூடியிருக்கும் நேரத்தில், காலைவரை பொறுக்க முடியாத, ஆனால் உயிர் போகும் அளவுக்கு இல்லாத தொந்தரவுகளுக்கான மருத்துவ எண் அது. அங்கே பல டாக்டர்கள் புதன், வெள்ளி மதியத்தோடு கிளினிக்கை மூடிவிடுவார்கள். வெள்ளி இரவு கடும் காய்ச்சல், காதுவலி, சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் என்றால் 116117க்கு அழையுங்கள். பக்கத்தில் எந்தக் கிளினிக் திறந்திருக்கிறது என்று சொல்வார்கள். எழுந்து நடக்கவே முடியாவிட்டால் டாக்டர் வீட்டுக்கு வரவும் வழியுண்டு. இதே தொந்தரவோடு பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்குப் போனால் மணிக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். வந்த வரிசைப்படி அங்கே பார்ப்பதில்லை, யாருக்கு ஆபத்து அதிகமோ அவர்தான் முதலில்.

நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு பக்க முகமோ கையோ தொங்குவது, பேச்சு குழறுவது, காய்ச்சலோடு கழுத்து விறைத்து ஆள் மந்தமாவது, மயங்கி விழுவது, இதெல்லாம் யோசிக்காமல் 112. நண்பனின் காரிலோ டாக்சியிலோ போக வேண்டாம். ஆம்புலன்ஸ் ஊழியர்கள் உங்கள் அறையிலேயே சிகிச்சையைத் தொடங்கிவிடுவார்கள், தேவைப்பட்டால் தனி வண்டியில் டாக்டரும் வருவார். தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி வலது அடிவயிற்றுக்கு இறங்கினால் குடல்வால் அழற்சியாக இருக்கலாம். வலி மாத்திரை போட்டுக்கொண்டு இரண்டு நாள் தள்ளுவதுதான் அதில் நடக்கும் பெரிய தவறு.

செலவுக்குப் பயந்து 112ஐ அழைக்காமல் இருக்காதீர்கள். ஆம்புலன்ஸுக்கு ஆயிரக்கணக்கில் பில் வருவது அமெரிக்கக் கதை. ஜெர்மன் அரசுசார் மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர், தேவையென்று டாக்டர் ஏற்ற ஆம்புலன்ஸ் பயணத்துக்குத் தருவது அதிகபட்சம் 10 யூரோ. ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் ஆண்டுக்கு 28 நாள்வரைதான்.

112க்குப் பேசும்போது முதலில் சொல்ல வேண்டியது இடம். தெரு, வீட்டு எண், மாடி, அழைப்புமணியில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பது. ஜெர்மன் கட்டடங்களில் பிளாட் எண் பெரும்பாலும் கிடையாது, பெயர்தான் அடையாளம். வேறொருவரின் அறையில் உள்வாடகைக்கு இருந்தால் மணியில் உங்கள் பெயர் இருக்காது, ஆம்புலன்ஸ் கீழே நின்று தேடும். குடிபோன அன்றே ஒரு துண்டுச் சீட்டில் பெயரை எழுதி மணியிலும் தபால் பெட்டியிலும் ஒட்டிவிடுங்கள். இடத்தைச் சொன்னபின் என்ன நடந்தது, எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா என்று சொல்லுங்கள். அவர்கள் கேள்வி கேட்டு முடிக்கும்வரை போனை வைக்காதீர்கள். ஆங்கிலத்தில் பேசலாம். இன்னொன்று, சிம் இல்லாத போனில் ஜெர்மனியில் 112 போகாது. பொய் அழைப்புகள் பெருகியதால் 2009 முதல் அப்படி. சிம் இருந்து உங்கள் நெட்வொர்க் மட்டும் கிடைக்காவிட்டால் வேறு நிறுவனத்தின் நெட்வொர்க் வழியாக அழைப்பு போய்விடும். விபத்தைப் பார்த்தும் உதவாமல் போவது அங்கே குற்றம், ஓராண்டுவரை சிறையோ அபராதமோ உண்டு. வம்பில் மாட்டிக்கொள்வோமோ என்ற நம்மூர்ப் பயத்தை விட்டுவிட்டு அழையுங்கள்.

காப்பீட்டில் வயதுதான் முதல் கேள்வி. 30 வயதுக்குள் இருந்தால் அரசுசார் காப்பீட்டில் மாணவர் கட்டணத்தில் சேரலாம், மாதம் 150 யூரோவுக்கு அருகே வரும். மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டை எடுத்து அரசுசார் காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை அந்த முடிவை மாற்ற முடியாது. மலிவான பாலிசிகளில் ஏற்கனவே இருக்கும் நோய், மனநலச் சிகிச்சை, பல் ஆகியவை விலக்கப்பட்டிருக்கும். சிக்கல் வருவது பெரும்பாலும் அந்த மூன்றில்தான். இந்தியாவில் எடுத்த பயணக் காப்பீட்டை இறங்கியவுடன் ரத்து செய்யாதீர்கள். ஜெர்மன் காப்பீடு தொடங்கும்வரை அதுதான் துணை. சொல்லக் கூசும் விஷயம் ஒன்றும் இருக்கிறது. இறந்தவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரும் செலவை ஜெர்மன் அரசுசார் காப்பீடு ஏற்காது, பயணக் காப்பீடுகள் சில ஏற்கும். பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

பரீட்சை நாளில் உடம்பு சரியில்லை என்றால் அன்றே டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும். பல பல்கலைக்கழகங்களில் இதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, சாதாரண மெடிக்கல் லீவ் சீட்டு செல்லாது. முன்தேதியிட்டு யாரும் தரமாட்டார்கள். கட்டாயப் பாடம் ஒன்றில் அனுமதித்த கடைசி முயற்சியிலும் தோற்றால் அதே படிப்பை நாட்டில் வேறெங்கும் தொடர முடியாமல் போகலாம், விசாவும் ஆட்டம் காணும். அதனால் காய்ச்சலோடு போய் எழுதி ஒரு முயற்சியை வீணாக்குவதைவிட சான்றிதழ் நல்லது.

நவம்பருக்குப் பிறகு நாலரை மணிக்கே இருட்டிவிடும். தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, வகுப்புக்குப் போகவே மனமில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் ஷ்டுடீரெண்டன்வெர்க் என்ற மாணவர் நல அமைப்பின் மனநல ஆலோசனைக்கு எழுதுங்கள். கட்டணமில்லை, பல ஊர்களில் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். சிகிச்சையாளரிடம் நேரம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும், ஆலோசனை மையத்தில் சீக்கிரம் கிடைக்கும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்துவிட்டால் அதுவும் 112க்கான அவசரம்தான். 0800 1110111 என்ற எண்ணில் இரவும் பகலும் இலவசமாகப் பேசலாம், பெரும்பாலும் ஜெர்மனில்.

இனி பெற்றோர் விஷயம். இதற்குத்தான் யாரும் தயாராக வருவதில்லை. நீங்கள் நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தால், திருச்சியிலிருந்து அப்பா போன் செய்து கேட்டாலும் டாக்டர்கள் எதுவும் சொல்லமாட்டார்கள். 18 வயது தாண்டியவரின் உடல்நிலையை அவர் அனுமதி இல்லாமல் பெற்றோரிடமும் சொல்லக்கூடாது என்பது சட்டம். சிகிச்சைக்குச் சம்மதம் தரும் உரிமையும் பெற்றோருக்குத் தானாக வராது, நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். ஃபோர்சோர்கெஃபோல்மாக்ட் என்ற அதிகாரப் பத்திரத்தை எழுதி, டாக்டர்கள் யாரிடம் பேசலாம் என்பதையும் அதில் குறிப்பிட்டுக் கையெழுத்திட்டால் இந்தச் சிக்கல் தீரும். மருத்துவ விஷயங்களுக்கு நோட்டரி கட்டாயமில்லை. அதே ஊரில் இருக்கும் நம்பிக்கையான நண்பர் ஒருவரின் பெயரையும் சேருங்கள். பெற்றோரால் அடுத்த விமானத்தில் வந்துவிட முடியாது, விசா வேண்டும்.

உங்கள் போன் இரண்டு நாள் எடுக்கப்படாவிட்டால் வீட்டில் என்ன செய்வார்கள் என்றும் யோசியுங்கள். ஜெர்மனியின் 110, 112 இரண்டுக்கும் இந்தியாவிலிருந்து அழைப்பு போகாது. உங்கள் பகுதிக் காவல் நிலையத்தின் முழு எண்ணை, 49இல் தொடங்கி ஊர்க் குறியீட்டோடு, எழுதிக் கொடுங்கள். கூடவே முழு முகவரி, அறைத்தோழர் எண், விடுதி மேற்பார்வையாளர் எண், காப்பீட்டு எண், பாஸ்போர்ட் நகல். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் புதைந்துபோகும், பிரிண்ட் எடுத்து பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். வீட்டார் அழைத்தால் போலீஸ் கதவைத் தட்டிப் பார்ப்பார்கள்.

ஊரில் ஒரு துக்கம், உடனே கிளம்ப வேண்டும் என்ற நிலைமையும் வரும். டிக்கெட் எடுக்குமுன் ரெசிடென்ஸ் கார்டு என்ற தங்கும் அனுமதி அட்டையின் கடைசித் தேதியைப் பாருங்கள். நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்ற தற்காலிகச் சான்று தருவார்கள். அதில் எந்தப் பிரிவில் குறியிட்டிருக்கிறது என்பது முக்கியம். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81ஆம் பிரிவில் 4ஆம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பலாம். 3ஆம் உட்பிரிவு என்றால் அதை வைத்துத் திரும்பி வர முடியாது, சென்னை ஜெர்மன் துணைத்தூதரகத்தில் புதிதாக விசா வாங்க வேண்டியிருக்கும். கார்டு காலாவதியாகும் முன்பே விண்ணப்பித்திருந்தால்தான் 4ஆம் உட்பிரிவு கிடைக்கும். வெளிநாட்டவர் அலுவலகத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க மாதங்கள் ஆகும் ஊர்கள் உண்டு, ஆகவே மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்து, விண்ணப்பித்ததற்கான மின்னஞ்சலைப் பத்திரப்படுத்துங்கள். போனபின் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பொதுவாக அனுமதியே காலாவதியாகிவிடும்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு இந்தியத் தூதரகம், கூடவே வெளிநாட்டவர் அலுவலகம். பெர்லினில் தூதரகம், பிராங்க்பர்ட், மியூனிக், ஹாம்பர்க்கில் துணைத்தூதரகங்கள். எந்த மாநிலத்தில் முகவரி பதிந்திருக்கிறதோ அதற்குரியதற்குத்தான் போக வேண்டும். ஆஹன், கொலோன் மாணவர்களுக்கு பிராங்க்பர்ட், ஷ்டுட்கார்ட்காரர்களுக்கு மியூனிக். அவசரத்துக்குத் தரும் எமர்ஜென்சி சர்டிபிகேட் இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும். ஜெர்மனியிலேயே தங்கிப் படிப்பதானால் மாற்றுப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பியுங்கள். பக்கத்து நாட்டுக்கு ரயிலேறும்போது மட்டும் அசல் பாஸ்போர்ட்டும் ரெசிடென்ஸ் கார்டும் இரண்டும் கையில் வேண்டும், 2024 செப்டம்பரிலிருந்து எல்லா நில எல்லைகளிலும் சோதனை இருக்கிறது.

வங்கிக் கார்டு தொலைந்தால் அதை முடக்க அழைக்க வேண்டிய எண் 116 116. ஆனால் அங்கே பல கடைகளில் ரகசிய எண் இல்லாமல் கையெழுத்து போட்டும் டெபிட் கார்டில் பணம் செலுத்த முடியும், வங்கித் தடை அதை நிறுத்தாது. புகார் கொடுக்கும்போது போலீஸிடம் கூனோ தடையும் போடச் சொல்லுங்கள், கடைகளுக்குத் தகவல் போய்விடும்.

அறையில் நடக்கும் ஆபத்துகளில் முதலிடம் எண்ணெய்ச் சட்டிக்கு. எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது, அடுப்பை அணைத்து மூடி போடுங்கள். தாளிக்கும் புகைக்கு அலாரம் அடிக்கிறதே என்று டிடெக்டரைப் பிளாஸ்டிக் உறையால் மூடுவது சில விடுதிகளில் வழக்கமாகவே ஆகிவிட்டது, தூக்கத்தில் புகை சூழ்ந்தால் எழுப்ப வேறு எதுவும் இல்லை. ஜன்னலைத் திறந்து சமையலறைக் கதவை மூடித் தாளியுங்கள். வெளியே மாடிப்படி முழுக்கப் புகை என்றால் இறங்க முயலாதீர்கள், கதவைச் சாத்தி இடுக்கில் ஈரத்துணி வைத்து ஜன்னலருகே நில்லுங்கள்.

கோடையில் ஏரிக்கும் ஆற்றுக்கும் கூட்டமாகக் கிளம்புவார்கள். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்தப் பழகியவர்களும் அங்கே தடுமாறக் காரணம் குளிர். வெயில் 30 டிகிரி அடித்தாலும் ஆழத்தில் நீர் மிகவும் சில்லென்றிருக்கும், திடீரென்று குதித்தால் மூச்சு இழுத்துக்கொள்ளும். ரைன் ஆற்றில் சரக்குக் கப்பல் போகும்போது கரையோர நீர் உள்வாங்கி ஆளையும் இழுக்கும். உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள்.

மோசடிகளில், பார்க்காத அறைக்கு முன்பணம் கேட்பது ஒன்று. தூதரகத்திலிருந்தோ போலீஸிலிருந்தோ பேசுவதாகச் சொல்லி, பாஸ்போர்ட்டில் வழக்கு இருக்கிறது, பணம் கட்டு என்பது இன்னொன்று. திரையில் உண்மையான எண்ணே தெரியும், அதைப் போலியாகக் காட்ட முடியும். எந்த அரசு அலுவலகமும் போனில் பணம் கேட்காது, வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, பூட்டுக்காரர். பல கதவுகளுக்கு வெளிப்பக்கம் திருகும் கைப்பிடி இருக்காது, காற்றில் சாத்தினாலே பூட்டிக்கொள்ளும். முதலில் விடுதி மேற்பார்வையாளரை அழையுங்கள். இணையத்தில் முதலில் வரும் விளம்பர எண்ணை நள்ளிரவில் அழைத்தால் பல நூறு யூரோ பில் நீட்டுவார்கள். வருமுன்பே வண்டிச் செலவு, இரவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். சாவி திருப்பாமல் வெறுமனே சாத்திக்கொண்ட கதவைப் பூட்டை உடைக்காமல் திறக்க முடியும், துளைபோடும் கருவியை எடுத்தால் நிறுத்துங்கள். மாற்றுச் சாவி ஒன்று நண்பரிடம் இருந்தால் இந்த வம்பே இல்லை. விடுதிச் சாவியைத் தொலைத்தால் மொத்தக் கட்டடத்தின் பூட்டுகளையும் மாற்றும் செலவு உங்கள் தலையில் விழலாம், அதற்கு ஹாஃப்ட்ஃப்ளிஷ்ட் என்ற பொறுப்புக் காப்பீட்டில் சாவி இழப்பும் அடங்குமா என்று கேட்டு எடுங்கள், ஆண்டுக்குச் சுமார் 50 யூரோ. வந்த ஆள் பேசியதற்கு மேல் கேட்டு வாசலை மறித்து மிரட்டினால், அவர் எதிரிலேயே 110ஐ அழையுங்கள்.