கிட்டார் கேள்வி பதில்: லூப் முதலில், ரேக் அப்புறம்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே ஏதோ ஒரு வகையில் ஆம்பின் பின்பக்கத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன. அதனால் மற்ற விஷயங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, எஃபெக்ட்களை மாட்ட ஆம்பின் பின்னால் இருக்கும் எஃபெக்ட்ஸ் லூப்பையும், பல எஃபெக்ட்களை ஒரே பெட்டியில் அடக்கிய ரேக் யூனிட்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: இரண்டு சேனல் வால்வு ஆம்ப் வைத்திருக்கிறேன். பின்னால் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக் இருக்கிறது, இதுவரை தொட்டதில்லை. பெடல்களை எல்லாம் ஆம்புக்கு முன்னால்தான் போடுகிறேன். க்ளீன் சேனலில் டிலே அழகாக இருக்கிறது, டிஸ்டார்ஷன் சேனலுக்கு மாறினால் கூழாகிவிடுகிறது. ரேக் யூனிட் ஒன்று வாங்கி லூப்பில் போடலாம் என்று நினைக்கிறேன். ஜி-மேஜர், எம்பிஎக்ஸ் ஜி2, இன்டெலிஃபெக்ஸ் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: கூழாவதற்குக் காரணம் உங்கள் டிலே இல்லை, அது நிற்கிற இடம். டிஸ்டார்ஷன் உங்கள் ஆம்பின் முதல் கட்டமான பிரீஆம்பில் உருவாகிறது. டிலே அதற்கு முன்னால் இருந்தால் நீங்கள் வாசித்த சுரமும் அதன் எதிரொலிகளும் ஒன்றாகப் போய் ஒன்றாக நசுங்குகின்றன, அப்போது எதிரொலி தேய்ந்து மறைவதில்லை, மூலச் சத்தத்தின் அளவுக்கே எழும்பி நிற்கிறது. லூப் என்பது பிரீஆம்புக்கும், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்புக்கும் நடுவில் போட்ட வாசல். டிஸ்டார்ஷன் முடிந்த பிறகு சிக்னல் சென்ட் வழியாக வெளியே வந்து, டிலேயையும் ரிவெர்பையும் வாங்கிக்கொண்டு, ரிட்டர்ன் வழியாக உள்ளே போகிறது. இதற்கு ரேக் கட்டாயம் இல்லை. உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு டிலே என்றால், இருக்கிற பெடலையே முதலில் லூப்பில் போட்டுப் பாருங்கள், அதிலேயே மனது நிறைந்தால் பணம் மிச்சம். ஒரே மிதியில் டிலே, கோரஸ், ரிவெர்ப், ஆம்பின் சேனல் எல்லாம் சேர்ந்து மாற வேண்டும் என்றால்தான் ரேக்குக்குப் பொருள் இருக்கிறது.

சரி, ரேக்தான் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், யூனிட்டின் பெயரைப் பற்றி யோசிப்பதற்கு முன்னால் உங்கள் லூப்பைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். நான் இதைப் பிடிவாதமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நல்ல யூனிட்டைத் தவறான லூப்பில் போட்டுவிட்டு, யூனிட் மோசம் என்று விற்றுவிடுகிறவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன்.

முதல் விஷயம் லெவல். ஸ்டுடியோ சாதனங்கள் பேசுகிற லெவல் +4 டிபியூ, அதாவது சுமார் 1.23 வோல்ட். வீட்டுச் சாதனங்களின் லெவல் -10 டிபிவி, சுமார் 0.32 வோல்ட். இரண்டும் வெவ்வேறு அளவுகோல்கள் என்பதால் நேராகக் கழிக்க முடியாது, வோல்ட்டில் பார்த்தால் இடைவெளி ஏறக்குறைய 12 டெசிபெல், கிட்டத்தட்ட நான்கு மடங்கு. பெடல்களுக்காகச் செய்த லூப்புகள் இதற்கும் கீழே, -20 என்று குறித்த லெவலில் வேலை செய்யும். +4க்காகச் செய்த ரேக்கில் பெடல் லெவல் லூப்பை மாட்டினால் உள்ளே போகிற சிக்னல் மெலிந்திருக்கும், அதை ஏற்றும்போது கூடவே இரைச்சலும் ஏறும். மாறாக +4 லூப்பில் பெடலை மாட்டினால் பெடல் திணறிப் பொறபொறவென்று உடையும். இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: ஆம்புக்கு முன்னால் சுத்தமாக இருக்கும் டிலே பெடல், லூப்பில் மட்டும் ஓங்கி வாசிக்கும்போது உடைகிறது என்றால் உங்கள் லூப் லைன் லெவல், அதாவது +4 பக்கம், ரேக்குக்கு அது நல்ல செய்தி. ரோலண்ட் ஜேசி-120 போல லெவலை மாற்ற ஸ்விட்ச் வைத்த ஆம்புகளும் உண்டு. அப்படி ஒன்று இருந்தால் அதை எந்தப் பக்கம் வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள், மறந்துபோய் -20இல் விட்டுவிட்டு ரேக்கைக் குறை சொல்வது எளிது.

இரண்டாவது விஷயம், லூப் சீரிஸா பேரலலா என்பது. சீரிஸ் என்றால் முழு சிக்னலும் வெளியே போய்த் திரும்ப வேண்டும். பேரலல் என்றால் மூலச் சத்தம் ஆம்புக்குள்ளேயே நேராகப் போகும், யூனிட்டிலிருந்து வருவது அதன் மேல் கலக்கும். கையேடு இல்லையா? ரிட்டர்ன் ஜாக்கில் மட்டும் ஒரு கேபிளின் முனையைச் செருகுங்கள், மறுமுனை சும்மா தொங்கட்டும். சத்தம் அடியோடு நின்றால் சீரிஸ். சத்தம் தொடர்ந்து வந்தால் பேரலல். பேரலல் லூப்பில் மிக்ஸ் நாப் இருந்தால் அதைப் பாதியில் வைத்துச் சோதியுங்கள், சிலவற்றில் முழுவதும் திருப்பினால் சீரிஸ் போலவே நடந்துகொள்ளும். ஸ்பீக்கர் கேபிளை மட்டும் தொடாதீர்கள், வால்வு ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடக்கூடாது.

இப்போது உங்கள் மூன்று பெயர்களுக்கு வருகிறேன். மூன்றுமே கிட்டார் வாசிப்பவர்களுக்காகவே செய்தவை, மூன்றுமே இப்போது தயாரிப்பில் இல்லை, கைமாறி வருவதைத்தான் வாங்க முடியும். டி.சி. எலக்ட்ரானிக்கின் ஜி-மேஜரில் ஆம்பின் சேனலை மாற்றும் ரிலே (தானாக இயங்கும் ஸ்விட்ச்) இருக்கிறது, மூலச் சத்தத்தை அடைக்கும் வசதியும் இருக்கிறது, இரண்டு சேனல் ஆம்ப் வைத்திருப்பவருக்கு அது பெரிய வசதி. லெக்ஸிகானின் எம்பிஎக்ஸ் ஜி2 வேறு யோசனையில் செய்யப்பட்டது: அதன் ஒரு பகுதியை ஆம்புக்கு முன்னாலும் மறு பகுதியை லூப்பிலும் வைக்கலாம், அதனால் வா-வா முன்னால், ரிவெர்ப் பின்னால் என்று ஒரே பெட்டியில் முடியும். ஆனால் மெனுக்கள் ஆழம், பொறுமை வேண்டும். ராக்ட்ரானின் இன்டெலிஃபெக்ஸ் கோரஸுக்கும் டிலேவுக்கும் பேர்போனது, ஹஷ் என்ற இரைச்சல் குறைப்பும் உள்ளேயே உண்டு. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், லூப் லைன் லெவலாக இருக்கும் பட்சத்தில் நான் ஜி-மேஜரைத்தான் சொல்வேன். லூப் பெடல் லெவல் என்று தெரிந்தால் மூன்றையும் விட்டுவிட்டு, லூப்பில் வைக்கத்தக்க நல்ல பெடல் ஒன்றைத் தேடுங்கள்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். சில வால்வு ஆம்புகளில் சென்ட்டுக்கு பஃபர், அதாவது சிக்னல் மெலியாமல் அடுத்த சாதனத்துக்குக் கடத்தும் சுற்று, கிடையாது. ஸ்டுடியோ யூனிட்டுகளின் இன்புட் இம்பிடென்ஸ் பல நேரம் 10 அல்லது 20 கிலோ ஓம் அளவில்தான் இருக்கும், பஃபர் இல்லாத லூப்பால் அந்தச் சுமையைத் தூக்க முடியாது, சத்தம் மெலிந்து உயிரற்றுப் போகும். நடுவில் ஒரு பஃபர் போட்டால் போதும், அது சிறிய செலவு.

வாங்கி மாட்டிய பிறகு இன்புட் லெவலை வைக்கும்போது டிஸ்டார்ஷன் சேனலில் வைத்து வைக்காதீர்கள். டிஸ்டார்ஷன் சிக்னல் ஏற்கெனவே நசுங்கிய சிக்னல், அதன் உச்சங்கள் தாழ்ந்திருக்கும். க்ளீன் சேனலில் ஆறு கம்பியையும் ஓங்கி அடித்து, சிவப்பு விளக்கு எரியாத எல்லையில் நிறுத்துங்கள். அப்புறம் பைபாஸ் (எஃபெக்டை ஒதுக்கிவிடும் பொத்தான்) போட்டு எடுத்து, இரண்டிலும் சத்தம் ஒரே அளவு வரும்வரை அவுட்புட்டைச் சரிசெய்யுங்கள். கேட்பவர் காதுக்குச் சத்தம் கூடியதெல்லாம் நல்லதாகத் தோன்றும், அளவு சமமாக இருந்தால்தான் யூனிட் உங்கள் தொனியைக் கெடுக்கிறதா என்று நேர்மையாகத் தெரியும்.

கேள்வி: ரேக் யூனிட்டை லூப்பில் போட்டதும் கிட்டார் குழாய்க்குள்ளிருந்து வருவது போல இருக்கிறது. எஃபெக்டை அணைத்தாலும் அப்படியே இருக்கிறது. யூனிட் பழுதா?

பதில்: பழுதில்லை என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். உங்களுடையது பேரலல் லூப்பாக இருக்க வேண்டும், யூனிட் மூலச் சத்தத்தையும் சேர்த்து வெளியே விடுகிறது. டிஜிட்டல் யூனிட் சிக்னலை எண்ணாக மாற்றி மறுபடி சிக்னலாக்க ஒன்றிரண்டு மில்லி செகண்ட் எடுத்துக்கொள்ளும். தனியாகக் கேட்டால் அது தெரியவே தெரியாது. ஆம்புக்குள் நேராகப் போகும் சத்தத்தோடு இந்தத் தாமதித்த சத்தம் சேரும்போதுதான் சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. தாமதம் 2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொண்டால் முதலில் அடிபடுவது 250 ஹெர்ட்ஸ், அடுத்தது 750, அப்புறம் 1250 என்று சீப்புப் பல் போலப் போய்க்கொண்டே இருக்கும். உங்கள் இரண்டாவது கம்பி, அந்த பி, திறந்து வாசித்தால் சுமார் 247 ஹெர்ட்ஸ். அதன் அடிநாதமே காணாமல் போகிறது என்றால் குழாய்ச் சத்தம் வராமல் என்ன செய்யும்?

யூனிட்டில் மிக்ஸை 100 சதவீதம் எஃபெக்டுக்கு வையுங்கள், அல்லது மூலச் சத்தத்தை அடைக்கும் கில் ட்ரை என்ற வசதி இருந்தால் அதைப் போடுங்கள். எஃபெக்ட் எவ்வளவு வேண்டும் என்பதை ஆம்பின் மிக்ஸ் நாபில் பார்த்துக்கொள்ளலாம். பைபாஸ் போடும்போது யூனிட் ஊமையாக வேண்டும், சத்தத்தைக் கடத்தக் கூடாது, அதற்கும் பெரும்பாலான யூனிட்டுகளில் ஒரு அமைப்பு உண்டு. என்னுடைய முதல் ரேக் யூனிட்டை இதே கோளாறுக்காக, பழுது என்று நம்பி, வாங்கிய சில வாரங்களிலேயே கொடுத்துவிட்டேன். காரணம் புரிந்தபோது அது கைமாறிப் பல வருடம் ஆகியிருந்தது. இன்றும் அதை நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது, நீங்களாவது அவசரப்படாதீர்கள்.

சீரிஸ் லூப்பில் இதெல்லாம் நேர்மாறு: அங்கே 100 சதவீதம் எஃபெக்ட் வைத்தால் மூலச் சத்தமே இருக்காது, டிலேவுக்கு 20, 25 சதவீதத்திலிருந்து தொடங்கி ஏற்றுங்கள்.

கேள்வி: 1980களின் ரேக் யூனிட் ஒன்று கிடைக்கிறது, யமஹா எஸ்பிஎக்ஸ்90. இவ்வளவு பழசை வாங்கலாமா? இதன் அலைவரிசை 12 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் என்கிறார்களே?

பதில்: நிற்கட்டும். கிட்டார் ஸ்பீக்கர் 5, 6 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினாலே வேகமாகச் சரிந்துவிடும், அதற்கு மேல் யூனிட் எதைக் கொடுத்தாலும் உங்கள் ஸ்பீக்கர் உங்களுக்குக் கேட்க விடாது. 1985ஐ ஒட்டி வந்த அந்தத் தலைமுறை யூனிட்டுகள், எஸ்பிஎக்ஸ்90, லெக்ஸிகான் பிசிஎம் 70, டி.சி. 2290, எல்லாம் இன்னும் தேடப்படுவதற்குக் காரணம் பழசு என்ற மோகம் மட்டும் இல்லை. அவற்றின் எதிரொலிகளில் ஒரு மென்மை இருக்கிறது, அது இசையோடு போட்டி போடாமல் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும். யு2 இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் எட்ஜ், கோர்க் எஸ்டிடி-3000 என்ற டிலேயை இத்தனை வருடம் விடாமல் வைத்திருப்பதும் இப்படித்தான், அந்த டிலேயின் இன்புட் பகுதி கொடுக்கும் நிறமே அவருடைய சத்தத்தில் ஒரு பங்கு.

பயப்பட வேண்டியது வயதின் வேறு விளைவுகளுக்கு. உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி இருக்கும், அது தீர்ந்தால் நீங்கள் சேமித்த அமைப்புகள் எல்லாம் போய்விடும், பல யூனிட்டுகளில் அது போர்டோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பவர் சப்ளை கெப்பாசிட்டர்கள் வற்றியிருந்தால் ஒரு மெல்லிய முனகல் கேட்கும். திரை மங்கியிருக்கும், பொத்தான்கள் இரண்டு முறை அழுத்தினால்தான் கேட்கும். இவை எல்லாம் சரிசெய்யக்கூடியவை. சரிசெய்ய முடியாதது அந்தக் கம்பெனியே தன் கையால் செய்த சிப் போனால்தான், அதற்கு மாற்று கிடைக்காது. அதனால் குறைந்தது அரை மணி நேரம் சூடாக ஓடவிட்டுக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு எஃபெக்டையும் ஒரு முறையாவது தொட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ரேக்கை மாட்டியதிலிருந்து ஆம்பில் ஹம் (ஓயாத ரீங்காரம்) வருகிறது. பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றிவிட்டால் நின்றுவிடும் என்று நண்பர் சொன்னார். செய்யலாமா?

பதில்: செய்யவே செய்யாதீர்கள். வால்வு ஆம்புக்குள் பல நூறு வோல்ட் ஓடுகிறது. உள்ளே ஒரு ஒயர் விலகினால் அந்த மின்சாரம் போக இருக்கும் ஒரே பாதுகாப்பான வழி எர்த். அதை எடுத்துவிட்டால் அடுத்த வழி கிட்டார் கம்பி, உங்கள் விரல். ஆம்பும் ரேக்கும் இரண்டு வழியாக எர்த் ஆகும்போது நடுவில் வளையம் உண்டாவதுதான் உங்கள் ஹம்முக்குக் காரணம். இரண்டையும் ஒரே பவர் ஸ்ட்ரிப்பில் மாட்டிப் பாருங்கள். போகவில்லை என்றால் சென்ட் அல்லது ரிட்டர்ன் கேபிளில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று வையுங்கள், அது சிக்னல் வழியிலுள்ள எர்த்தை மட்டும் வெட்டும், உங்கள் உயிரைக் காக்கும் எர்த்தை விட்டுவிடும்.

கேள்வி: லூப்பில் எதுவும் மாட்டாதபோதும் சத்தம் திடீரென்று குறைந்து, சில நேரம் நின்றே போகிறது. வால்வை மாற்ற வேண்டுமா?

பதில்: அதற்கு முன்னால் ஒரு சின்ன கேபிளை எடுத்து சென்ட்டையும் ரிட்டர்னையும் நேரடியாக இணையுங்கள். சத்தம் முழுசாகத் திரும்பினால் வால்வில் குற்றமில்லை. எதுவும் மாட்டாதபோது சிக்னலைக் கடத்துவது ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சின்ன தகடு, அது அழுக்குப் பிடித்துவிட்டது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, பிளக்கைப் பத்து முறை செருகி எடுங்கள்.

கேள்வி: மிடி ஃபுட் கன்ட்ரோலரில் 5ஐ அழுத்தினால் ரேக்கில் 6வது புரோகிராம் வருகிறது. எல்லாமே ஒன்று தள்ளி வருகிறது.

பதில்: மிடி என்பது இசைச் சாதனங்கள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பும் மொழி, அதில் 128 புரோகிராம்கள். ஒரு சாதனம் அவற்றை 0 முதல் 127 வரை எண்ணுகிறது, இன்னொன்று 1 முதல் 128 வரை எண்ணுகிறது, அவ்வளவுதான். ரேக்கின் மிடி மெனுவில் புரோகிராம் மேப் என்று இருக்கும், அதில் ஒன்றைத் தள்ளி வைத்துவிடுங்கள்.